காபன் உமிழ்வைக் குறைக்கும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபன் உமிழ்வைக் குறைக்கும் ஒவ்வொரு வழியும் எவ்வளவு பயன் தரும் என்று சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பயன் எந்த இடத்தில் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் குறைவு. எல்லை தெரியாமல் எடுத்த முடிவுகளுக்கு நம் மாவட்டம் முன்னரும் விலை கொடுத்திருப்பதால், இங்குள்ள பதில்களில் இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

இலங்கை வெளியிடும் காபன் மிகச் சொற்பம். நாம் ஏன் குறைக்க வேண்டும்?

சொற்பம் என்பது உண்மை. உலகம் ஆண்டுதோறும் எரிபொருள்களை எரித்தும் சீமெந்து செய்தும் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 3,700 கோடி தொன். அதில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு இலங்கையர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் வெளியிடுகிறார், உலக சராசரியோ நான்கரைத் தொன்னுக்கு மேல். ஆகவே நாம் குறைப்பதால் கொட்டியாரக்குடாவில் கடல் மட்டம் உயர்வது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. கரையைக் காப்பதற்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஆயத்தமாவதற்கும் தனியே பணமும் திட்டமும் வேண்டும்; உமிழ்வுக் குறைப்பின் பெயரால் அந்தப் பணத்தை எடுத்துவிடக் கூடாது.

ஆயினும் குறைப்பதற்கு நமக்கே உரிய காரணங்கள் உண்டு. நிலக்கரி, பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு யாவும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கப்படுபவை. 2022இல் அந்த நாணயம் தீர்ந்தபோது எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன, மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. எரிப்பதைக் குறைப்பது அந்தத் தங்கியிருத்தலையும் குறைக்கும். இன்னொரு காரணம், இன்று கட்டப்படும் மின் நிலையமும் கட்டடமும் முப்பது நாற்பது ஆண்டுகள் நிலைத்திருப்பவை என்பது. பிழையான ஒன்றைக் கட்டிவிட்டால் நம் பிள்ளைகளும் அதற்கே பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதை எவ்வாறு கணக்கிடுவது?

சில எண்களை மனத்தில் வைத்திருந்தால் போதும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோவும், டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோவும் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று முடியும்போது 37 கிலோ அளவில். நிலக்கரியால் பிறக்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஏனைய வாயுக்களை இதே அளவுகோலுக்கு மாற்றிச் சொல்வது வழக்கம்: நூறு ஆண்டுக் கணக்கில் மெதேன் ஏறத்தாழ 28 மடங்கும், வயலில் நைதரசன் உரத்திலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு ஏறத்தாழ 270 மடங்கும் வெப்பமேற்றும் வலிமை கொண்டவை.

சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரம் வருகிறது. அத்துடன் பிரச்சினை தீர்ந்ததா?

பெரிய தவறு ஒன்று தவிர்க்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் சேர்ந்து அமைக்கவிருந்த 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையத்தை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. அத்திட்டம் கைவிடப்படுவதாக 2016 செப்டெம்பரில் அரசு நீதிமன்றத்தில் அறிவித்தது. அதே கூட்டு நிறுவனத்தின் சூரிய மின் திட்டத்தின் தொடக்க நிகழ்வு 2025 ஏப்ரலில் நடந்தது. முதற்கட்டம் 50 மெகாவாற்று, இரண்டாம் கட்டம் 70 மெகாவாற்று.

ஆனால் இரண்டும் சமமான மாற்று அல்ல. நிலக்கரி நிலையம் இரவும் பகலும் ஓடும். சூரிய மின் நிலையமோ, இரவு, முகில், காலை மாலைச் சாய்ந்த ஒளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தன் முழுக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே ஆண்டுச் சராசரியில் தருகிறது. 120 மெகாவாற்றுச் சூரிய நிலையம் ஓர் ஆண்டில் தரும் மின்சாரம், அந்த 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் தந்திருக்கக்கூடியதில் பதினைந்தில் ஒரு பங்கை எட்டுவதே கடினம். மீதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நீர், காற்று, கூரைச் சூரிய மின்சாரம், சேமிப்பு, வீண்செலவைத் தவிர்த்தல் ஆகிய எல்லாவற்றிலும் பகுதி பகுதியாகவே விடை கிடைக்கும்.

இரண்டாவது எல்லை நிலம். ஒரு மெகாவாற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஹெக்டேயர் வரை தேவைப்படுகிறது. இங்கே வெற்றுக்காணி என்று வரைபடத்தில் தெரிவது பெரும்பாலும் யாருடையதோ வயலாகவோ, மேய்ச்சல் தரையாகவோ, குளத்துக்கு நீர் வந்து சேரும் தரவையாகவோ இருக்கிறது. சம்பூர் மக்கள் 2006இல் ஊரை விட்டு இடம்பெயர்ந்து, தம் காணிக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள். 2025இல் முத்துநகர் விவசாயிகள், தாம் செய்துவந்த வயல் நிலம் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். சூரிய ஒளி தூய்மையானது என்பதற்காகக் காணி எடுக்கும் முறையும் தூய்மையாகிவிடாது. பொதுக் கட்டடங்கள், களஞ்சியங்கள், வாகனத் தரிப்பிடங்கள் ஆகியவற்றின் கூரைகளை முதலில் நிரப்பிவிட்டு, அதன் பின்னரே மண்ணில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூரையில் செலவு கூடும் என்பது உண்மைதான். வயலை இழந்த குடும்பத்தின் செலவையும் அதே கணக்கில் எழுதினால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

கூரையில் சோலார் போடுங்கள் என்றார்கள், பிறகு நிறுத்தி வையுங்கள் என்றும் சொன்னார்கள். ஏன்?

மின்கட்டமைப்பில் ஒவ்வொரு கணத்திலும் உற்பத்தியும் பாவனையும் சமமாக இருக்க வேண்டும். விடுமுறை நாள் நண்பகலில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், வெயிலோ முழு வீச்சில் இருக்கும். அப்போது கூரைகளிலிருந்து வரும் மின்சாரத்துக்கு இடம் விடுவதற்காக நீர்மின், எண்ணெய் நிலையங்கள் தாழ்த்தப்படுகின்றன. அந்நிலையங்களின் கனத்த சுழலிகள் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் திடீர் அதிர்ச்சி ஒன்று வந்தாலும் கட்டமைப்புச் சில விநாடிகள் தாக்குப்பிடிக்கிறது. கூரைச் சோலாரில் அத்தகைய சுழலும் கனம் எதுவும் இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியதற்குப் பின்னணி இதுதான். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்து வந்த நாள்களில் மின்வெட்டும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் சோலாரை நிறுத்தி வைக்குமாறு கூரை உரிமையாளர்களிடம் மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிச் சோலார் போட்டவர்களுக்கு அது வருத்தம் தந்தது நியாயமே. கட்டமைப்பைப் பலப்படுத்தும் வேலை கூரைகளின் வேகத்துக்கு ஈடாக நடந்திருந்தால் அந்த வேண்டுகோளே தேவைப்பட்டிராது.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு அலகு தரும். கடலோரத்தில் உப்புக்காற்று தாங்கிச் சட்டத்தையும் ஆணிகளையும் அரிக்கும் என்பதால் அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத ஆணியும் கேட்டு வாங்க வேண்டும். தகடு சூடேறச் சூடேற அதன் விளைச்சல் குறையும் என்பதால் கூரைக்கும் தகட்டுக்கும் இடையில் காற்றோடும் இடைவெளி விட வேண்டும். இவை சிறிய எல்லைகள். பெரிய எல்லை, மின்சாரம் நண்பகலில் பிறக்க, நாட்டின் உச்சத் தேவை மாலை ஆறரை மணிக்குப் பின் எழுவது.

பற்றரி வைத்தால் அது தீராதா?

பகல் மின்சாரத்தை மாலைக்கு நகர்த்த பற்றரி மிகச் சரியான கருவி. மார்கழியில் நாள்கணக்கில் மழை மூடியிருக்கும்போது அது உதவாது, ஏனெனில் அதில் நிரப்பவே எதுவும் இராது. விலை இறங்கி வருகிறது, ஆயினும் சாதாரண குடும்பத்துக்கு இன்னும் எட்டவில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்குவதைவிட உபமின் நிலையங்களில் பெரிய பற்றரிகளைப் பொதுவில் வைப்பதே சிக்கனமானது.

காற்றாலை?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை நன்றாக ஓடும், மற்ற மாதங்களில் மிகவும் தளரும். சிறந்த இடங்கள் மன்னார், புத்தளம், யாழ்ப்பாணக் கரைகள். மன்னாரின் 103.5 மெகாவாற்று ‘தம்பபவனி’ இதற்கு எடுத்துக்காட்டு. அதே மன்னார் வலசைப் பறவைகளின் வழியிலும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

மின்சார வாகனம் வாங்கினால் உமிழ்வு நின்றுவிடுமா?

புகைக்குழாய் மறையும், உமிழ்வு இடம் மாறும். சிறிய பெற்றோல் கார் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 150 கிராம் வெளியிடுகிறது. சிறிய மின்சாரக் கார் ஓரலகில் ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடும். முழுக்க நிலக்கரி மின்சாரத்தால் ஏற்றினால் அதுவும் ஏறத்தாழ அதே 150 கிராம்தான். அண்மைய ஆண்டுகளில் இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி நீர், சூரியன், காற்றிலிருந்து வருவதால் நடைமுறையில் இலாபம் பாதி அளவில் நிற்கிறது. இரவு ஏற்றுவதைவிட நண்பகலில் ஏற்றினால் இலாபம் மிகவும் கூடும். பகலில் தரிப்பில் நிற்கும் முச்சக்கர வண்டிக்கு இது பொருத்தம். மீன்பிடிக் கலங்களுக்கு இன்னும் பொருந்தவில்லை. ஆழ்கடலுக்குப் பல நாள் செல்லும் கலத்துக்கு வேண்டிய சக்தியைச் சுமக்கும் பற்றரி, கலத்தையே நிறைத்துவிடும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஐம்பது பேருடன் மூதூரிலிருந்து பட்டணம் வரும் டீசல் பஸ்ஸில் ஆளுக்குக் கிலோமீற்றருக்கு 15 கிராம் அளவே விழும், தனியாள் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் 45 கிராம். பழைய பஸ், புதிய மின்சாரக் காரை வெல்கிறது. பஸ் மாலை ஏழு மணிக்குப் பிறகும் ஓட வேண்டும், பெண்கள் அச்சமின்றி ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் எல்லை. அதை நீக்க எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை.

காஸ் அடுப்பை விட்டு மின்அடுப்புக்கு மாறலாமா?

மாலையில் மின்அடுப்பில் சமைத்தால், இன்றைய மின்சாரத்தின் சராசரி உமிழ்வில், காஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மதியச் சோற்றை வெயில் நேரத்தில் மின்சாரத்தில் ஆக்கினால் இலாபம் உண்டு. விறகு மீண்டும் வளர்வதால் காபன் கணக்கில் நல்லதாகத் தோன்றும். ஆனால் மூடிய அடுக்களையில் அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். காபனைக் காட்டி யாரையும் புகைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.

குளிரூட்டி மின்சாரம் தின்பது தெரியும். அதற்கு மேல் என்ன?

அதற்குள் இருக்கும் காஸ். எரிபொருளைப் பற்றி மட்டும் பேசிப் பழகிவிட்டதால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆர்-410ஏ என்னும் குளிரூட்டி வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், இரண்டு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். அது 900 லீற்றர் பெற்றோல் எரித்ததற்கு ஒப்பானது. சாதாரண அறைக் குளிரூட்டி ஒன்றில் அந்த வாயு ஒரு கிலோ அளவில் இருக்கும்.

இது எப்படி வெளியேறுகிறது என்பதை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி திருத்தப்படும் காலத்தில் பார்க்கலாம். குளிரூட்டியைக் கழற்றி வேறு அறைக்கு மாற்ற வருபவர் அவசரத்தில் செப்புக் குழாயின் திருகை நேராகத் தளர்த்துவார். சீறும் சத்தம் ஓரிரு நிமிடம் கேட்கும், குழாய் முனையில் உறைபனி படியும், அத்துடன் முடிந்தது. சரியான முறையில், முதலில் சிறிய குழாயின் அடைப்பு வால்வை மூடி, இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டால் வாயு முழுவதும் வெளி யூனிற்றுக்குள் இழுபடும். பிறகு பெரிய குழாயின் வால்வையும் மூடிவிட்டுக் கழற்றலாம். இதற்கு இன்னும் பத்து நிமிடமே தேவை. கழற்ற வருபவரிடம் அதைக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலித் திருத்தம் 2016இல் நிறைவேறியது, இலங்கை 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆர்-32இன் தாக்கம் ஆர்-410ஏயில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 எனப்படும் புரொப்பேனின் தாக்கம் மிக அற்பம், ஆனால் அது தீப்பற்றும். பயிற்சி பெற்ற திருத்துநர் இல்லாத ஊரில் அதைப் புகுத்துவது ஆபத்து. இயந்திரத்துக்கு முன்னே பயிற்சி வர வேண்டும்.

நம் மாவட்டத்தில் சீமெந்து ஆலை இருக்கிறது. சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் சீமெந்து தூய்மையாகுமா?

ஆகாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டே வெளியேறுகிறது. அப்படிச் சுட்டுக் கிடைக்கும், அரைத்தால் சீமெந்தாகும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். எந்தச் சக்தியால் சுட்டாலும் ஒரு தொன் கிளிங்கருக்கு அரைத் தொன் அளவில் அது வந்தே தீரும். உலக உமிழ்வில் ஏழு, எட்டு விழுக்காடு சீமெந்தைச் சார்ந்தது. திருகோணமலையில் பெரும்பாலும் நடப்பது இறக்குமதியான கிளிங்கரை அரைக்கும் வேலை என்பதால், அந்த உமிழ்வு கிளிங்கர் சுடப்பட்ட நாட்டின் கணக்கில் ஏறுகிறது, நம் கணக்கு வெளுப்பாகத் தெரிகிறது. நிலக்கரிச் சாம்பலை உரிய அளவில் கலந்த சீமெந்து ஓரளவு குறைக்கும். நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டால் அந்தச் சாம்பலும் கிடைக்காது. தேவைக்கு மேல் கொங்கிரீற் ஊற்றாமல் வீட்டை வடிவமைப்பது இன்றே கைக்கெட்டும் வழி.

மரம் நட்டால் போதுமா?

போதாது. நன்றாக வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குப் பத்து, இருபது கிலோ காபனீரொட்சைட்டை உள்வாங்கும் என்று கொண்டால், இரண்டு காஸ் சிலிண்டர்களை ஈடுசெய்யவே நான்கு முதல் எட்டு மரங்கள் ஓராண்டு உழைக்க வேண்டும். நட்ட கன்று அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். எரிந்தாலோ வெட்டப்பட்டாலோ சேர்த்தது திரும்பக் காற்றுக்கே போகும்.

கண்டல் காடுகள் வேறு வகை. அவற்றின் காபனில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, காற்றுப் புகாத சேற்றில் நூற்றாண்டுகளாகப் படிந்திருக்கிறது. இந்தோ-பசுபிக் பகுதியில் ஒரு ஹெக்டேயரில் சராசரியாக ஆயிரம் தொன் காபன் வரை அளக்கப்பட்டுள்ளது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மகாவலி முகத்துவாரத்திலும் நிற்கும் கண்டல்களை வெட்டி இறால் பண்ணையோ விடுதியோ அமைத்தால், அந்தச் சேறு காற்றுப்பட்டுச் சேமிப்பை வெளிவிடும். புதிதாக நட்டு அதை ஈடுசெய்ய ஓர் ஆயுள் போதாது.

நடுவதிலும் கசப்பான அனுபவம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரைகளில் பெருமளவு கண்டல் நடப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் பார்த்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நட்ட பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வெற்றி பெற்றிருந்தது. நீர் நெடுநேரம் மூடி நிற்கும் தாழ்ந்த சேற்றில், எளிதாகக் கிடைக்கும் ஓரினக் காய்களையே குத்திவிட்டுப் படமெடுத்துச் சென்றது ஒரு காரணம். கன்றுகளை ஆடு மாடு மேய்ந்தது மற்றொன்று. அடைபட்ட கழிமுக வாயைத் திறந்து உவர்நீர் ஏறி இறங்க வழிவிட்டால், பல இடங்களில் கண்டல் தானாகவே முளைக்கும். அது மலிவு, ஆனால் திறப்பு விழாவுக்குப் படம் கிடைக்காது.

நெல் வயலும் வெப்பமேற்றுகிறதா? சோறு உண்பதே பிழையா?

சோறு உண்பது பிழையில்லை. நீர் தேங்கிய வயலில் காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குகின்றன. மாற்றி நனைத்துக் காயவிடும் முறை இதைக் குறைக்கிறது. முப்பது சென்ரிமீற்றர் நீளக் குழாயொன்றில் துளையிட்டு, பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நீர் மட்டம் தரைக்குக் கீழே பதினைந்து சென்ரிமீற்றர் வரை இறங்கிய பின்னரே மீண்டும் நீர் விடுவார்கள். பூக்கும் காலத்தில் மட்டும் வயலில் நீரைத் தேக்கி வைக்க வேண்டும். மெதேன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறையும், நீரும் மிச்சமாகும்.

பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை வயலைக் காயவிடாது என்பதால் இது சிறுபோகத்துக்கே உரிய முறை. கந்தளாய்க் குளத்து நீர் முறைவைத்துத் திறக்கப்படுகிறது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர், அடுத்த முறை தண்ணீர் தன் வரவைக்கு வந்து சேரும் என்ற உறுதி இல்லாமல் வயலைக் காயவிட மாட்டார், அது அவருடைய அறிவீனமும் இல்லை. வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் போக ஆரம்பக் கூட்டத்திலேயே தவணையை மாற்றினால்தான் இது நடக்கும். காய்ந்த மண்ணில் களை கூடும். யூரியாவைப் பிழையான நேரத்தில் போட்டால் நைதரசு ஒட்சைட்டு எழுந்து, கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

2021இல் இரசாயன உரம் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டு இறுதியில் தடை விலக்கப்பட்டதை எந்தக் கமக்காரரும் மறக்கவில்லை. இன்று சுற்றாடலின் பெயரால் வயலுக்கு வருபவர் அந்த நினைவுக்கு முதலில் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

காபனைப் பிடித்து நிலத்துக்குள் புதைக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டதே?

நோர்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டு வந்தது. நேரே காற்றிலிருந்து பிடிப்பதற்கு ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ‘ஓர்கா’ நிலையத்தின் ஆண்டுக் கொள்ளளவு 4,000 தொன். உலகம் அதை நான்கு விநாடிக்குள் வெளியிட்டுவிடுகிறது. புதைக்க நுண்துளையுள்ள படிவுப்பாறையோ, ஐஸ்லாந்தில் உள்ளது போன்ற எரிமலைப் பாறையோ வேண்டும். திருகோணமலையின் அடித்தளமோ மிகப் பழைய, இறுகிய உருமாறிய பாறை.

எங்கள் விடுதி காபன் வரவு வாங்கி ‘காபன் நடுநிலை’ என்று எழுதிக்கொள்ளலாமா?

காபன் வரவு என்பது, வேறோர் இடத்தில் காடு காத்தோ உமிழ்வைக் குறைத்தோ மிச்சப்படுத்திய காபனைப் பணம் கொடுத்து நம் கணக்கில் எழுதிக்கொள்வது. வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். அந்தப் பணம் வராவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்குமா? இங்கே வெட்டாததைப் பக்கத்தில் வெட்டுகிறார்களா? சேர்ந்த காபன் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? விடை தெளிவாக இல்லையெனில், அப்பணத்தில் சுடுநீருக்குச் சூரியக் கொதிகலன் வாங்குவதும், குளிரூட்டிகளின் கசிவை அடைப்பதும் மேல். அவற்றின் இலாபத்தை உங்கள் மின்பட்டியலிலேயே பார்க்கலாம்.

கையில் அதிகப் பணமில்லாத குடும்பம் எதில் தொடங்கலாம்?

கூரை விசிறியில். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாற்று எடுக்கும், தூரிகையில்லா மோட்டார் கொண்ட புதிய பிஎல்டிசி வகை 30 வாற்று அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றில் மாதம் பதின்மூன்று அலகு அளவில் மிச்சமாகும். அந்த மிச்சத்தின் பெரும்பகுதி இரவில், எண்ணெயும் நிலக்கரியும் எரியும் நேரத்தில் விழுவதால் அதன் பயன் கூடும். அடுத்து குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பர். ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் றப்பரை மாற்ற வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் விசிறியை வாங்கினால், வீடு மாறும்போது கழற்றிக் கொண்டு போகலாம் என்பதை முன்கூட்டியே வீட்டுக்காரருடன் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.